சுவரோரத்துச் சினிமா

படம் காட்டத் தூரம் வேண்டும். சினிமா பிறந்த நாளிலிருந்து இருந்துவந்த விதி இது. 1905-இல் சாமிக்கண்ணு வின்சென்ட் திருச்சியிலிருந்து கிளம்பி ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டியபோதும் அதே விதி. பிறகு வந்த டூரிங் டாக்கீஸிலும், நகரத்து ஏ.சி. தியேட்டரிலும் அதே விதி. ஆபரேட்டர் அறை கடைசி வரிசைக்குப் பின்னால், உயரத்தில் இருக்கும். சின்னச் சதுர ஓட்டையிலிருந்து கிளம்பும் வெளிச்சம் தலைகளுக்கு மேலாக நெடுந்தூரம் போய்த் திரையைத் தொடும். பீடிப் புகை அதில் நெளியும்; குறும்புக்காரப் பையன் கையை உயர்த்தினால் ஐந்து விரலும் கதாநாயகியின் கன்னத்தில் விழும்.

வீட்டுக்குள் வந்த ப்ரொஜெக்டரும் அந்த விதியைக் கூடவே கூட்டிக்கொண்டுதான் வந்தது. 100 அங்குலப் படம் என்றால் அகலம் 221 செ.மீ., உயரம் 124.5 செ.மீ. லென்ஸுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் கிடைப்பது த்ரோ விகிதம். சாதாரணக் கருவிக்கு இது 1.5 என்று வைத்துக்கொண்டால், அந்த 100 அங்குலத்துக்கு 11 அடி பின்னால் போக வேண்டும். நம்மூர் அடுக்குமாடி ஹாலே பத்துக்குப் பன்னிரண்டுதான். கூரையில் தொங்கவிடலாம் என்றால் நடுவில் மின்விசிறி சுற்றுகிறது. சோபாவுக்குப் பின்னால் வைத்தால் சமையலறையிலிருந்து காபி கொண்டுவருபவர் ஒவ்வொரு முறையும் நிழலாகப் படத்துக்குள் நுழைந்து வெளியேறுவார்.

ஷார்ட் த்ரோ கருவிகள் இந்த விதியைத் தளர்த்தின. 0.7 விகிதம் உள்ள ஒன்றுக்கு அதே படத்துக்கு ஐந்தடி போதும். அல்ட்ரா ஷார்ட் த்ரோ வந்து விதியையே கவிழ்த்துவிட்டது. 2020-இல் வந்த சாம்சங் தி பிரீமியர் வரிசையின் பெரிய மாடலுக்கு விகிதம் ஏறக்குறைய 0.19. அதாவது 221 செ.மீ. அகலப் படத்துக்கு வெறும் 42 செ.மீ. அதுவும் பெட்டிக்குள் இருக்கும் கண்ணாடியிலிருந்து அளந்த தூரம். பெட்டியின் முதுகுக்கும் சுவருக்கும் இடையே ஒரு சாண்கூட இருக்காது. இந்தக் கருவியைப் பற்றிப் பேசுகிறவர்கள் திரையின் பெருமையைத்தான் பேசுகிறார்கள். ரசிக்க வேண்டியது அதன் நெருக்கத்தை. அதன் நயங்களும் அதன் பிடிவாதங்களும் அந்த அரை மீட்டருக்குள்தான் பிறக்கின்றன.

முதல் நயம், வெளிச்சம் போகும் வழி. இவ்வகைப் பெட்டிகள் பலவற்றில் ஒளி சுவரைப் பார்த்துக் கிளம்புவதில்லை. சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நம் பக்கம் நோக்கிக் கிளம்புகிறது. லென்ஸ் வரிசையைக் கடந்ததும் உள்ளே ஒரு குழியாடியில் மோதி, திரும்பி, மேல்நோக்கி விரிந்து சுவரில் ஏறுகிறது. அந்தக் குழியாடி வட்டத்தின் ஒரு துண்டு அல்ல. அதன் வளைவு நடுவில் ஒரு மாதிரியும் ஓரத்தில் வேறு மாதிரியும் கணக்கிட்டுச் செதுக்கப்பட்டது. ஏன் அப்படி என்பதற்குச் சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். கண்ணாடியின் மட்டத்துக்கு 35 செ.மீ. மேலே படத்தின் கீழ் விளிம்பு தொடங்குகிறது என்று கொள்வோம். கீழ் விளிம்பின் நடுப்புள்ளிக்கு ஒளி 55 செ.மீ. பயணம் செய்தால் போதும். மேல் மூலைக்கோ ஏறக்குறைய 2 மீட்டர். ஒரே படத்தின் ஒரு புள்ளி மற்றொரு புள்ளியைவிட மூன்றரை மடங்குக்கும் அதிகத் தொலைவில் இருக்கிறது. இருந்தும் இரண்டு புள்ளிகளும் ஒரே அளவில், ஒரே கூர்மையில், கண்ணுக்கு வேறுபாடு தெரியாத பிரகாசத்தில் விழுகின்றன. தியேட்டர் ப்ரொஜெக்டருக்கு இந்தக் கவலை கிடையாது. அதற்குத் திரையின் எல்லாப் புள்ளியும் ஏறக்குறைய ஒரே தூரம்தான். சமநிலத்தில் நடப்பவனையும் செங்குத்துச் சுவரில் ஏறுபவனையும் ஒரே நேரத்தில் ஊர் சேர்க்கிற வேலையை அந்த வளைவு சத்தமில்லாமல் செய்து முடிக்கிறது.

அந்த ஒளியில் படத்தை எழுதுகிற பொருள் இன்னும் நுண்ணியது. டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் லாரி ஹார்ன்பெக் 1987-இல் உருவாக்கிய நுண்கண்ணாடிச் சில்லுதான் இன்று வீட்டு லேசர் ப்ரொஜெக்டர்கள் பலவற்றின் இதயம். இந்தக் கண்டுபிடிப்புக்காக 2015-இல் அவருக்கு ஆஸ்கர் சிலையே கொடுத்தார்கள். வீட்டுக் கருவிகளில் அதிகம் புழங்கும் 0.47 அங்குலச் சில்லில் 1920-க்கு 1080 என்று 20 லட்சத்துக்கும் மேலான அலுமினியக் கண்ணாடிகள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் 5.4 பங்கு. ஒவ்வொரு கண்ணாடிக்கும் இரண்டே நிலை: ஒளியை லென்ஸுக்குள் தள்ளு, அல்லது வெளியே தள்ளு. சாம்பல் நிறம் என்று தனியாக ஒன்று அங்கே இல்லை. நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை இப்படியும் அப்படியும் சாய்ந்து, எவ்வளவு நேரம் உள்ளே, எவ்வளவு நேரம் வெளியே என்ற விகிதத்தில்தான் சிவாஜியின் கன்னத்து நிழல் உருவாகிறது. 4கே படத்துக்கு இந்த மொத்தப் படத்தையும் அரைப் புள்ளி அளவு நாலு பக்கமும் நகர்த்தி நகர்த்தி, 20 லட்சத்தை 83 லட்சமாக ஆக்குகிறார்கள். ஒரு சென்டிமீட்டர் அகலச் சில்லு சுவரில் இருநூறு மடங்குக்கு மேல் விரிகிறது. சில்லில் இருக்கும் குற்றமும் அத்தனை மடங்கு விரியும் என்பதால்தான் அது இவ்வளவு குற்றமற்றதாகச் செய்யப்படுகிறது.

நெருக்கத்தின் பிடிவாதம் கருவியை மேசையில் வைக்கிற நிமிடத்திலேயே தெரிந்துவிடும். 0.19 விகிதத்தில், பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் இழுத்தால் படம் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் அகலமாகிறது. இடது மூலை வலது மூலையைவிடக் கொஞ்சம் முன்னால் நின்றாலும் செவ்வகம் கோணிக்கொள்கிறது. கையால் தள்ளுவது முரட்டு வேலை. விரல் நுனியால் தட்ட வேண்டும். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்றை மேசையில் வைத்துப் பார்த்துவிட்டு, பெட்டியின் காலடித் திருகுகளைத் திருப்பி நேராக்குவதே முறை. கீஸ்டோன் என்று ஒரு வசதி மெனுவில் இருக்கும். அது படத்தைக் கணினிக் கணக்கில் நசுக்கி நேராக்கும். நசுக்கும்போது பிக்சல்கள் குறையும், எழுத்தின் ஓரம் மங்கும். கீஸ்டோனைத் தொடாமல் பெட்டியையே சரியாக வைத்து முடித்தவருக்குத்தான் அந்த 4கே முழுதாகக் கிடைக்கும்.

அடுத்தது சுவர். கண்ணாடியிலிருந்து 42 செ.மீ. தள்ளி நிற்கும் சுவரில் 160 செ.மீ. உயரத்துக்கு ஏறும் ஒளி, மேல் விளிம்பில் சுவரோடு 15 டிகிரி கோணம்கூடச் செய்வதில்லை. அறுவடைக் களத்தில் சாயங்கால வெயில் சாயும்போது ஒவ்வொரு மண்ணாங்கட்டிக்கும் நீளமாய் நிழல் முளைக்குமே, சுவருக்கு இங்கே நடப்பதும் அதுதான். பகலில் வழவழப்பாகத் தெரிந்த சுவரில் கரணை இழுத்த தடம், பட்டி பார்த்த இடத்து மேடு, பழைய ஆணி ஓட்டையை அடைத்த தழும்பு எல்லாம் எழுந்து நிற்கும். பெயின்டர்கள் கடைசிக் கோட்டிங்குக்கு முன்னால் விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பார்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான். அவர்கள் ஒரு நிமிடம் செய்கிற சோதனையை இந்தக் கருவி தினமும் மூன்று மணி நேரம் செய்கிறது.

அளந்தே சொல்லலாம். மேல் விளிம்புக்கு அருகே சுவர் ஒரு மில்லிமீட்டர் புடைத்திருந்தால், அங்கே விழ வேண்டிய ஒளி முன்கூட்டியே தடுக்கப்பட்டு மூன்றரை மில்லிமீட்டருக்கு மேல் கீழே விழுகிறது. 100 அங்குல 4கே படத்தில் ஒரு பிக்சலின் உயரம் 0.6 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆக, ஒரு மில்லிமீட்டர் மேடு ஆறு பிக்சலைக் கெடுக்கிறது. முகங்களில் இது தெரியாது. மரம், மழை, கூட்டம் எதிலும் தெரியாது. படம் முடிந்து பெயர்கள் கீழிருந்து மேலே ஏறும்போது பாருங்கள்: அந்த இடத்துக்கு வந்ததும் எழுத்து லேசாக நெளிந்து, கடந்ததும் மறுபடி நிமிர்ந்துகொள்ளும். சுவரைக் குறை சொல்வதா, இத்தனை நுட்பமாகக் காட்டிக்கொடுத்த ஒளியை வியப்பதா என்று தோன்றும்.

இங்கே பல்லியைச் சொல்லாமல் விட முடியாது. வெளிச்சத்துக்குப் பூச்சி வரும். பூச்சிக்குப் பல்லி வரும். தியேட்டர் பாணியில் நேராக விழும் ஒளியில் பல்லியின் நிழல் அதன் உடம்புக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்ளும். சுவரோரமாக ஏறும் ஒளியிலோ, ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள பல்லிக்கு மேலே மூன்று நாலு சென்டிமீட்டர் நிழல் நீண்டு நிற்கும். அது கீழே இறங்க இறங்க ஒளியின் கோணம் நிமிர்வதால் நிழல் சுருங்கிக்கொண்டே வரும். பெட்டியின் மேல் கண்ணாடியிலேயே ஒரு விட்டில் உட்கார்ந்துவிட்டால் கதை வேறு. அங்கே ஒளி இன்னும் விரியாததால் படத்தின் ஒரு பெரும்பகுதியே புகைந்துபோகும். மேல்நோக்கித் திறந்த அந்தக் கண்ணாடி தூசிக்கும் தட்டு ஏந்தி நிற்கிறது. பழைய பனியனால் துடைக்காமல், மூக்குக்கண்ணாடிக்குக் கொடுக்கும் மெல்லிய துணியால் ஒற்றி எடுப்பது நல்லது.

சுவரின் தொல்லை வேண்டாம் என்கிறவர்களுக்கென்றே ஒரு திரை செய்திருக்கிறார்கள். தொலைவிலிருந்து அது சாம்பல் நிறத் தகடு. பக்கத்தில் போய்ப் பார்த்தால் குறுக்குவாட்டில் நெருக்கமான வரிகள். ஒவ்வொரு வரியும் ரம்பப்பல் வடிவம். பல்லின் மேல்முகம் கறுப்பு, கீழ்முகம் வெளிர். ட்யூப்லைட்டின் வெளிச்சம் மேலிருந்து விழுவதால் கறுப்பில் மாட்டிச் சாகிறது. ப்ரொஜெக்டரின் வெளிச்சம் கீழிருந்து வருவதால் வெளிர் முகத்தில் பட்டு நம் பக்கம் திரும்புகிறது. எந்தத் திசையிலிருந்து வந்தாய் என்று ஒவ்வொரு கதிரையும் விசாரித்து உள்ளே விடுகிற திரை இது. கூர்ந்து யோசித்தால் இதுவும் நெருக்கம் கொடுத்த வரம்தான்: படத்தின் ஒளி செங்குத்தாகக் கீழிருந்து ஏறியதால்தான் விளக்கின் ஒளியிலிருந்து அதைப் பிரித்தெடுக்க முடிந்தது. சுருட்டி இறக்கும் சாதாரணத் திரை இதற்கு ஆகவே ஆகாது. மின்விசிறிக் காற்றில் அது மூச்சு விடும். விட்டால் படமும் சேர்ந்து மூச்சு விடும்.

பிரகாசத்தில் கடைக்காரர் சொல்வதற்கும் கண் கேட்பதற்கும் தூரம் அதிகம். தியேட்டரில் டிஜிட்டல் திரைக்கு விதித்திருக்கும் வெண்மையின் அளவு 48 நிட். 2,500 லூமென் கருவி ஒன்றை 100 அங்குலத்துக்கு விரித்தால், ரம்பப்பல் திரை நாற்பது சதவீதத்தை விழுங்கிய பிறகும் 170 நிட்டுக்கு மேல் மிஞ்சும். விளக்கை அணைத்த அறைக்கு அது தேவையே இல்லை. லேசரின் பலத்தைப் பாதியாகக் குறைத்தால் கண்ணின் இறுக்கம் தளரும், பெட்டிக்குள் சுற்றும் மின்விசிறியின் சத்தம் அடங்கும், கறுப்பு இன்னும் கறுக்கும். ஏனென்றால் ப்ரொஜெக்டரால் கறுப்பை அனுப்ப முடியாது. கறுப்பு என்பது ஒளி விழாத சுவர். அறையில் எவ்வளவு வெளிச்சம் அலைகிறதோ அவ்வளவுதான் அதன் கறுப்பு. வெள்ளைக் கூரை படத்தின் ஒளியை வாங்கித் திருப்பி ஊற்றுவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எந்தப் படத்தைப் போட்டுப் பார்ப்பது? புதுப்படத்தின் பளபளப்பில் எந்தக் கருவியும் தேறிவிடும். 1948-இன் 'சந்திரலேகா' முரசு நடனத்தைப் போடுங்கள். தொலைக்காட்சியில் எறும்பு வரிசையாகத் தெரிந்த முரசுகளின் மேல் ஒவ்வொருவராக ஆட்கள் தெரிவார்கள். அந்தக் காலத்துச் சட்டகம் அகலம் குறைந்தது, 221 செ.மீ. சுவரில் 170 செ.மீ. மட்டுமே நிரம்பி இருபுறமும் கறுப்பு நிற்கும். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான 'ராஜராஜ சோழன்' (1973) அதற்கு நேர்மாறு: மேலும் கீழும் கறுப்பு. சட்டகம் மாறி மாறி வருவதை உடம்பால் உணர்வதற்கு இந்த அளவு வேண்டியிருக்கிறது. பாட்டே இல்லாமல் 1954-இல் வீணை எஸ். பாலசந்தர் எடுத்த 'அந்த நாள்' கறுப்புவெள்ளைக்குப் பரீட்சை. வெளிச்சமும் இருட்டும் வெட்டிக்கொள்ளும் இடங்களில் சாம்பலின் படிகள் ஒவ்வொன்றாகத் தெரிய வேண்டும். எந்தப் படியிலும் நீலமோ பச்சையோ எட்டிப்பார்க்கக் கூடாது. கறுப்புக்கான பரீட்சையை 'நாயகன்' (1987) நடத்தும். பி.சி. ஸ்ரீராம் மேலிருந்து விழவிட்ட வெளிச்சத்தில் கண்கள் நிழலுக்குள் போகும் காட்சிகளில், அந்த நிழலுக்குள்ளே கண் இருப்பது தெரிந்தால் கருவி தேறியது. சாம்பல் பூசியதுபோல் இருந்தால் லேசரைக் குறையுங்கள், ஜன்னல் திரையை இழுத்து மூடுங்கள்.

நிறத்திலும் ஒரு விநோதம் உண்டு. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனி லேசர் உள்ள கருவிகளில் ஒவ்வொரு நிறமும் ஊசி முனையளவு குறுகிய அலைநீளம். பட்டுப்புடவையின் அரக்கும் மாம்பழ மஞ்சளும் அவ்வளவு ஆழமாக எழுவது அதனால்தான். ஆனால் இருவர் கண்கள் அந்தக் குறுகிய நிறங்களை ஒரே மாதிரி கூட்டிக்கொள்வதில்லை. தாத்தாவுக்குத் தூய வெள்ளையாகப் படும் வேட்டி பேத்திக்கு லேசாக வேறு சாயலில் படலாம்; இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். வானம், வெள்ளைச் சுவர் போன்ற இடங்களில் பொடிமணல் மினுங்குவதுபோல் ஒரு துடிப்பும் தெரியும். நீல லேசர் ஒன்றை மட்டும் வைத்துப் பாஸ்பரை ஒளிரச் செய்யும் கருவிகளில் நிறத்தின் ஆழம் கொஞ்சம் குறையும், அந்த மினுங்கலும் அடங்கும்.

ஒலிக்கும் நெருக்கம் நல்லது செய்திருக்கிறது. சோபாவுக்குப் பின்னால் வைத்த பழைய ப்ரொஜெக்டரில் நாயகி முன்னால் பேச, குரல் பிடரியில் கேட்கும். இதில் பெட்டி படத்தின் காலடியில் இருப்பதால் குரலும் உதட்டுக்குப் பக்கத்திலிருந்தே வருகிறது. மின்விசிறி இரைச்சல் பத்தடி தள்ளி நிற்கிறது. அந்தப் பத்தடியில் உட்கார்ந்தால் படம் கண்ணில் 40 டிகிரி அகலத்தை நிரப்பும். பிக்சலைத் தனியாகப் பிரித்துப் பார்க்க அங்கிருந்து கண்ணால் ஆகாது. தரையில் பாய் விரித்துப் பார்க்கும் வீடுகளில் மட்டும் மேசையை உயரம் குறைவாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். படத்தின் கீழ் விளிம்பே பெட்டிக்கு ஓரடி மேலேதான் தொடங்குகிறது என்பதால், உயர மேசையில் வைத்தால் இடைவேளைக்குள் கழுத்து வலிக்கும்.

சிறியதாகவும் செய்ய முடியும் என்று சோனி 2016-இல் காட்டியது. அதன் எல்எஸ்பிஎக்ஸ்-பி1 ஒரு கிலோவுக்கும் குறைவான எடை. சுவரில் ஒட்டி வைத்தால் 22 அங்குலம், கொஞ்சம் இழுத்து வைத்தால் 80 அங்குலம் வரை. நிலையை மாற்றி வைத்தால் மேசையே திரை. அதன் ஒளி வெறும் 100 லூமென்தான். இருட்டில்லாமல் அது பிழைக்காது. ஆனால் திரை என்பது ஓரிடத்தில் அறைந்து வைக்கும் பொருள் என்ற பழக்கத்தை அந்தச் சின்னப் பெட்டி உடைத்தது.

குறைகளும் உண்டு. பகல் பதினொரு மணி வெயிலில் தொலைக்காட்சியோடு இது போட்டி போட முடியாது. மூன்று நிறத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் கருவிகளில், கண்ணைச் சட்டென்று திருப்பும்போது வெள்ளை எழுத்தின் ஓரத்தில் வானவில் சிதறுவது சிலருக்குத் தெரியும். வாங்குமுன் வீட்டில் எல்லோரும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு இன்னொரு எச்சரிக்கை: ஒளி கிளம்பும் இடம் அவர்கள் முகத்தின் உயரத்தில் இருக்கிறது. பக்கத்தில் யாராவது குனிந்தால் ஒளியைக் குறைக்கும் உணரி பல கருவிகளில் உண்டு. அதை அணைத்து வைக்காதீர்கள்.

முடிவாக ஒன்று. லூமென் எண்ணிக்கையைப் பார்த்துப் பெரிய கருவியை வாங்கிக் கரடுமுரடான சுவரில் காட்டுவதைவிட, நடுத்தரக் கருவியை வாங்கி மீதிப் பணத்தைச் சுவருக்கோ திரைக்கோ செலவழிப்பது மேல். கடைக்குப் போகும் முன் ஒரு ராத்திரி விளக்கை அணைத்து, கைபேசி டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து மேல்நோக்கி அடித்துப் பாருங்கள். உங்களுக்கு முதலில் வேண்டியது ப்ரொஜெக்டரா, பெயின்டரா என்பது அப்போதே தெரிந்துவிடும்.